ஞானஸ்நானம் எடுக்காவிட்டால் பரலோகம் இல்லையா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் இரட்சிப்பைப் பற்றி ஒருவருக்குப் பதில் எழுதும்போது, போகிறபோக்கில் "ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடாதீர்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரிக்குத்தான். கோபமாக எழுதியவர்கள் உண்டு, அழுதுகொண்டு எழுதியவர்கள் உண்டு, வெறும் வசன எண்களை மட்டும் வரிசையாக எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பியவர்களும் உண்டு. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விசுவாசித்தவர்களுக்கு மட்டும், முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற சபையைச் சேர்ந்தவன் நான். பதிலில் அந்த வாடை அடிக்கத்தான் செய்யும். வேறு சபையார் எங்கே மாறுபடுகிறார்கள் என்பதையும் அங்கங்கே சொல்கிறேன்.

கேள்வி: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்கிறது எபேசியர் 2:8. மாற்கு 16:16-லோ "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்" என்று இருக்கிறது. இதை வைத்து எங்கள் ஜெபக்குழு இரண்டு கட்சியாகிவிட்டது. ஐயா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள், ஞானஸ்நானம் இல்லாமல் இரட்சிப்பு உண்டா, இல்லையா?

ஒரே வார்த்தையில் சொன்னால் உங்கள் குழுவில் மூன்றாவதாக ஒரு கட்சி கிளம்பும். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

மாற்கு 16:16-ஐ முழுசாகப் படியுங்கள். பின்பாதி, "விசுவாசியாதவனோ ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கப்படுவான்." ஞானஸ்நானம் பெறாதவன் என்று அங்கே இல்லை. "பார்த்தீர்களா, விசுவாசம்தான் முக்கியம்" என்று ஒரு கட்சி இந்தப் பாதியைப் பிடித்துக்கொள்ளும், "முன்பாதியில் இரண்டையும் சேர்த்துத்தானே சொன்னார்" என்று மறு கட்சி அந்தப் பாதியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு பேரும் வசனத்தில் இருப்பதைத்தான் சொல்கிறார்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: சினாய்ச் சுவடி, வத்திக்கான் சுவடி என்கிற 4-ஆம் நூற்றாண்டுப் பழம்பிரதிகள் இரண்டிலும் மாற்கு சுவிசேஷம் 16:8-லேயே முடிந்துவிடுகிறது. அதற்காக இந்த வசனத்தைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை, இதே போதனை வேறு இடங்களிலும் இருக்கிறது. ஆனால் முழு வழக்கையும் இந்த ஒரு சாட்சியை மட்டும் வைத்து நடத்தாதீர்கள்.

சரி, அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகத்துக்கு வருவோம். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு பிரசங்கம் செய்து முடித்ததும், இருதயத்திலே குத்தப்பட்ட ஜனங்கள் "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று கேட்கிறார்கள். "நீங்கள் மனந்திரும்பி, ஒவ்வொருவரும் பாவமன்னிப்புக்கென்று இயேசு கிறிஸ்துவின் நாமத்தினாலே ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ளுங்கள்" என்கிறான் (2:38). "பாவமன்னிப்புக்கென்று" என்ற இடத்தில் கிரேக்கத்தில் "எய்ஸ்" என்ற சின்னஞ்சிறு சொல் நிற்கிறது. அதற்கு "மன்னிப்பை அடைவதற்காக" என்று பொருளா, "மன்னிப்பு கிடைத்துவிட்டதனால்" என்று பொருளா என்று அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். முதலாவதுதான் அந்தச் சொல்லின் சாதாரணப் பொருள். இரண்டாவது, ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டவர்கள் அதற்குத் தோதாகச் சொல்லை வளைப்பது போலத்தான் எனக்குப் படுகிறது. இத்தனைக்கும் அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் என் கட்சிக்காரர்கள்!

அப்படியென்றால் தண்ணீருக்குள் இறங்காமல் மன்னிப்பே கிடையாதா என்றால், அதே அப்போஸ்தலர் புத்தகம் 10-ஆம் அதிகாரத்தில் ரோமப் படையில் நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியு வீட்டுக் கதவைத் திறந்து காட்டுகிறது. பேதுரு இன்னும் பேசி முடிக்கவில்லை, பரிசுத்த ஆவியானவர் இறங்கிவிடுகிறார், தண்ணீர் என்ற பேச்சே அதுவரை எழவில்லை. தேவன் தண்ணீருக்காகக் காத்திருக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் பேதுரு என்ன செய்தான்? "ஆவியைத்தான் பெற்றுவிட்டீர்களே, இனி தண்ணீர் எதற்கு, அதெல்லாம் வெளி அடையாளம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காரவில்லை. "இவர்களும் ஞானஸ்நானம் பெறாதபடிக்கு எவனாகிலும் தண்ணீரை விலக்கலாமா" என்று கேட்டு, ஞானஸ்நானம் கொடுக்கும்படி கட்டளையிட்டான். கட்டளையிட்டான் என்றே எழுதியிருக்கிறது. இன்றைக்கு நம்முடைய இரண்டு கட்சியும் பேசுகிற பேச்சு எதுவும் அந்த வீட்டில் எடுபட்டிருக்காது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் பவுலும் சீலாவும் அடைக்கப்பட்ட பிலிப்பி சிறைச்சாலை. நடுராத்திரி, பூமி அதிர்ந்து கதவுகளெல்லாம் திறந்து கிடக்கின்றன, கைதிகள் ஓடிப்போயிருப்பார்கள் என்று நினைத்துப் பட்டயத்தை உருவித் தன்னையே மாய்த்துக்கொள்ளப் போன சிறைச்சாலைக்காரன், கொஞ்ச நேரத்தில் தீபத்தோடு நடுங்கிக்கொண்டு வந்து "இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும்" என்கிறான். பதில்: "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவை விசுவாசி." ஞானஸ்நானம் என்ற சொல்லே அதில் இல்லை. விசுவாசம் மட்டும் போதும் என்கிறவர்கள் இங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். இரண்டு வசனம் தாண்டிப் பாருங்கள். "இராத்திரியில் அந்நேரத்திலேயே" அவன் அவர்களுடைய காயங்களைக் கழுவினான், அவனும் அவனுடையவர்கள் அனைவரும் உடனே ஞானஸ்நானம் பெற்றார்கள். காலையில் செய்யலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. பவுலின் முதுகில் ரத்தம் உறைந்திருக்கிறது, அடித்துத் தொழுமரத்தில் மாட்டி வைத்த இடத்து அதிகாரியே தண்ணீர் மொண்டு அந்தக் காயத்தைக் கழுவுகிறான், கழுவினவன் அந்த ராத்திரியிலேயே தானும் தண்ணீரில் நிற்கிறான்.

என் எண்ணம் இதுதான். அந்தப் புத்தகத்தில் விசுவாசமும் ஞானஸ்நானமும் ஒரே நாளில், சில வேளை ஒரே மணி நேரத்தில் நடந்தவை. அதனால்தான் அப்போஸ்தலர்கள் சில இடங்களில் "விசுவாசி" என்றும், சில இடங்களில் "ஞானஸ்நானம் பெறு" என்றும் கவலைப்படாமல் மாற்றி மாற்றிச் சொல்ல முடிந்தது. நாம் நடுவில் மாதக்கணக்கு, வருடக்கணக்கு என்று ஒரு பள்ளத்தைத் தோண்டிவிட்டோம். தோண்டிவிட்டு, "இந்தப் பள்ளத்தில் நிற்கிறவன் இரட்சிக்கப்பட்டவனா இல்லையா" என்று வேதத்தைக் கேட்கிறோம். வேதம் நேர்ப்பதில் சொல்லாததற்குக் காரணம், அங்கே யாரும் நிற்க வேண்டும் என்று அது நினைக்கவே இல்லை.

சபைகள் என்ன சொல்கின்றன என்றும் கேட்பீர்கள். ஞானஸ்நானம் இரட்சிப்புக்கு அவசியம், ஆனால் தேவன் ஞானஸ்நானம் போன்ற தமது அருட்சாதனங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் 1992-ஆம் வருட மறைக்கல்வி நூலின் நிலை. லூத்தரன் சபையார் ஞானஸ்நானத்தைத் தேவன் கிருபை கொடுக்கும் வழியாகவே பார்க்கிறார்கள். பாப்டிஸ்டுகளுக்கும் பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகளுக்கும் அது இரட்சிக்கப்பட்டவன் கீழ்ப்படிதலாகச் செய்கிற சாட்சி. "கிறிஸ்துவின் சபை" என்ற பிரிவினர் பாவமன்னிப்பு கிடைப்பதே அந்தத் தண்ணீரில்தான் என்பார்கள். குவேக்கர்கள் தண்ணீர் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, இரட்சணிய சேனையும் 1883 முதல் கொடுப்பதில்லை. நானோ, சிலுவையில் நடந்தது இரட்சிக்கிறது, விசுவாசம் அதைப் பற்றிக்கொள்கிறது, விசுவாசம் முதன்முதலாக வாய்திறந்து பேசுகிற இடம் ஞானஸ்நானம் என்று நம்புகிறேன். பேச முடியாதவனைத் தேவன் விட்டுவிட மாட்டார். பேச முடிந்தும் பேச மறுக்கிறவனைப் பற்றி எனக்குக் கவலை உண்டு.

கேள்வி: சிலுவையில் தொங்கிய கள்ளன் என்ன ஞானஸ்நானம் எடுத்தான்? அவன் பரதீசுக்குப் போகவில்லையா?

போனான். அவனுடைய கைகளில் ஆணி இருந்தது. உங்களுக்கு இல்லையே தம்பி.

கேள்வி: என் மாமனார் தமது 71-ஆம் வயதில், படுக்கையில் கிடந்தபோது இயேசுவை ஏற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து ஞானஸ்நானம் கொடுப்பதாகப் போதகர் சொல்லியிருந்தார். சனிக்கிழமை ராத்திரி மாமனார் இறந்துவிட்டார். "ஞானஸ்நானம் எடுக்காமல் போய்விட்டாரே" என்று அடக்க வீட்டிலேயே ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து என் மாமியார் சரியாகச் சாப்பிடுவதில்லை.

அம்மா, இந்தப் பதிலை உங்கள் மாமியாருக்குப் படித்துக் காட்டுங்கள்.

ரோமப் பேரரசர் இரண்டாம் வலண்டினியன் 392-ஆம் வருடம் இறந்தபோது அவருக்கு ஏறத்தாழ 21 வயது. மிலான் பேராயர் அம்புரோசுவின் கையால் ஞானஸ்நானம் பெற ஆசைப்பட்டு, வரும்படி ஆள் அனுப்பியிருந்தார். அம்புரோசு வழியில் இருக்கும்போதே சாவுச் செய்தி வந்துவிட்டது. பேரரசரின் சகோதரிகள் உங்கள் மாமியாரைப் போலவே உடைந்துபோயிருந்தார்கள். அடக்க ஆராதனையில் அம்புரோசு அவர்களைப் பார்த்துச் சொன்னதன் சாரம், அவர் ஆசைப்பட்டார், கேட்டார், கேட்டதை நிச்சயமாகப் பெற்றுக்கொண்டார் என்பது. இதைச் சொன்னவர் ஞானஸ்நானத்தை லேசாக எடுத்துக்கொண்ட ஆள் கிடையாது. ஞானஸ்நானத்தின் அவசியத்தைப் பற்றி அழுத்தமாக எழுதியவர்களில் அவரும் ஒருவர். இரத்தசாட்சிகளாக மரித்தவர்களைப் பற்றியும் ஆதி சபை அப்படித்தான் நினைத்தது. தண்ணீருக்குப் போவதற்குமுன் கொல்லப்பட்டவன் தன் இரத்தத்தில் ஞானஸ்நானம் பெற்றான் என்று 3-ஆம் நூற்றாண்டிலேயே கார்த்தேஜ் பேராயர் சிப்ரியான் எழுதியிருக்கிறார்.

உங்கள் மாமனார் மறுக்கவில்லை, தள்ளிப்போடவும் இல்லை, நாள் குறித்துக் காத்திருந்தார். அடக்க வீட்டில் அப்படிப் பேசியவர் இன்னொரு தரம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், போதகர்களுக்கு ஒரு வார்த்தை. படுக்கையில் இருக்கிறவர் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: கீழ்ப்படிய வேண்டும் என்று எழுதுகிறீர்கள். கீழ்ப்படிதல் ஒரு கிரியைதானே? கிரியையினால் ஒருவனும் நீதிமானாவதில்லை என்று பவுல் அத்தனை தரம் சொன்ன பிறகு, பின்வாசல் வழியாக மறுபடியும் கிரியையை உள்ளே கொண்டுவருகிறீர்கள்.

நல்ல குத்து. இதற்கு நாகமானைத்தான் கூப்பிட வேண்டும்.

2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரம். சீரிய ராஜாவின் படைத்தலைவன், குஷ்டரோகி. எலிசாவைப் பார்க்க வரும்போது பத்துத் தாலந்து வெள்ளி, ஆறாயிரம் சேக்கல் பொன், பத்து மாற்று வஸ்திரம் எல்லாம் கட்டிக்கொண்டு வருகிறான். தீர்க்கதரிசி வெளியே வந்து முகம்கூடக் காட்டவில்லை. ஆள் அனுப்பி, யோர்தானில் ஏழு தரம் ஸ்நானம்பண்ணு என்கிறார். அவனுக்கு வந்ததே கோபம்! எங்கள் தமஸ்குவில் ஆப்னா இல்லையா, பர்பார் இல்லையா, அந்த நதிகள் இந்தத் தண்ணீரைவிட நல்லவை இல்லையா என்று திரும்பிப் போகிறான். ஊழியக்காரர்கள் கிட்ட வந்து, "ஒரு பெரிய காரியத்தைச் செய்ய உமக்குச் சொல்லியிருந்தால் அதை நீர் செய்வீர் அல்லவா" என்று நயமாகச் சொன்ன பிறகுதான் இறங்குகிறான்.

இப்போது சொல்லுங்கள், ஏழு முழுக்குப் போட்ட கூலியாகவா அவன் சுகமானான்? யோர்தான் தண்ணீரில் மருந்து இருந்ததா? இருந்திருந்தால் அந்தக் கரையில் இருந்த குஷ்டரோகிகளெல்லாம் என்றைக்கோ சுத்தமாகியிருப்பார்களே. அவன் கொண்டுவந்த வெள்ளியையும் பொன்னையும் எலிசா தொடக்கூட இல்லை, வருந்திக் கேட்டும் வாங்கவில்லை. ஆகவே சுகம் முழுக்க முழுக்க இலவசம். சரி, அவன் கோபத்தோடு தமஸ்குவுக்கே போயிருந்தால்? இலவசம் இலவசமாகவே இருந்திருக்கும், அவன் குஷ்டரோகியாகவே செத்திருப்பான்.

கூலிக்குச் செய்வது ஒன்று, நம்பிச் செய்வது இன்னொன்று. வைத்தியர் சொன்னபடி மருந்தைக் குடித்தவன் "நானே என்னைக் குணமாக்கிக்கொண்டேன்" என்று சொல்வதில்லை. நம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டு மருந்தை ஜன்னல் வழியே கொட்டுகிறவன், எதை நம்புகிறான் என்றுதான் கேட்க வேண்டும். எபேசியர் 2:8, 9-ஐ மனப்பாடமாகச் சொல்கிற நாம் அடுத்த வசனத்தை ஏனோ விட்டுவிடுகிறோம். நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்கிறது அது. எபிரெயர் 5:9 இயேசுவை, தமக்குக் கீழ்ப்படிகிற யாவருக்கும் நித்திய இரட்சிப்பின் காரணர் என்று சொல்கிறது. கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்கிற யாக்கோபின் நிருபத்தை நான் இழுக்கவே இல்லை, கவனித்தீர்களா.

இன்னொன்று. ஞானஸ்நானத்தில் நாம் "செய்வது" என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. இன்னொருவர் பிடித்து உள்ளே அமிழ்த்துகிறார், அவரே தூக்கிவிடுகிறார். யாரும் தனக்குத்தானே கொடுத்துக்கொள்வதில்லை. (1609-இல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் போதகர் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டார், பிறகு அது சரியில்லை என்று அவரே வருத்தப்பட்டார்.) ரோமர் 6 அதை அடக்கம் என்கிறது. தன்னைத் தானே அடக்கம் செய்துகொண்டதாக யாராவது பெருமையடிக்க முடியுமா?

கேள்வி: நான் மனதார விசுவாசிக்கிறேன். தினமும் வேதம் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன். இது எனக்கும் தேவனுக்கும் நடுவில் உள்ள விஷயம். நாலு பேர் முன்னால் தண்ணீரில் இறங்கி எதை நிரூபிக்க வேண்டும்? வீட்டில் பெரிய பிரச்சினை ஆகும் என்பதும் உண்மை.

உங்களுக்கு முன்னால் இதே கேள்வியைக் கேட்ட ஒரு பெரியவர் இருக்கிறார். மாரியுஸ் விக்டோரினுஸ், 4-ஆம் நூற்றாண்டு, ரோமில் சொற்பொழிவுக் கலை கற்றுக்கொடுத்தவர். ரோமப் பொதுச் சதுக்கத்தில் சிலை வைக்கும் அளவுக்குப் பேர்போன மனிதர். வயதான காலத்தில் வேதத்தைப் படித்துப் படித்து, தம் நண்பர் சிம்பிளிசியானிடம் மட்டும் ரகசியமாக, "நான் இப்போதே கிறிஸ்தவன், தெரியுமா" என்பாராம். "சபையில் உம்மைப் பார்க்கிறவரைக்கும் நம்பமாட்டேன்" என்பாராம் நண்பர். இவர் சிரித்துக்கொண்டே, "அப்படியானால் சுவர்களா ஒருவனைக் கிறிஸ்தவனாக்குகின்றன?" என்று கேட்பாராம். இது பல தரம் நடந்தது என்று பேராயர் அகுஸ்தீன் எழுதி வைத்திருக்கிறார். நல்ல கேள்விதான், சொற்பொழிவு வாத்தியார் அல்லவா. ஆனால் உள்ளே இருந்தது வாதம் அல்ல, பெரிய இடத்து நண்பர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம். ஒரு நாள் திடீரென்று சிம்பிளிசியானிடம் வந்து, "வாரும், சபைக்குப் போவோம், நான் கிறிஸ்தவனாக வேண்டும்" என்றார். விசுவாச அறிக்கையைத் தனியாகச் சொன்னால் போதும் என்று மூப்பர்கள் சலுகை கொடுத்தார்கள். அவர் வேண்டாம் என்று மேடை ஏறினார். கூட்டம் முழுக்க "விக்டோரினுஸ், விக்டோரினுஸ்" என்று முணுமுணுத்ததாம்.

சுவர் யாரையும் கிறிஸ்தவனாக்காது, அது சரி. உங்களுக்கும் தேவனுக்கும் நடுவில் மட்டும் இருக்கும்வரை அந்த விசுவாசத்துக்கு எந்தச் செலவும் இல்லை என்பதும் சரி.

ஆனால் உங்கள் கடைசி வரியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரச்சினை என்றால் எந்த அளவு? பேச்சும் கேலியும் என்றால் தாங்கத்தான் வேண்டும். அடி உதை, உயிருக்கு ஆபத்து, வீட்டைவிட்டு வெளியே தள்ளுவது என்றால், அல்லது நீங்கள் இன்னும் 18 வயது ஆகாதவர் என்றால், பொறுப்புள்ள ஒரு போதகரிடம் முதலில் நேரில் பேசுங்கள். எப்போது, எங்கே, யார் முன்னால் என்பதெல்லாம் யோசித்து முடிவு செய்யக்கூடியவைதான். நாலு பேர் வேண்டும் என்று வேதத்தில் கணக்கு இல்லை. எத்தியோப்பிய மந்திரி வனாந்தர வழியில், பிலிப்புவும் தன்னோடு வந்தவர்களும் மட்டும் இருக்க, வழியில் தண்ணீரைக் கண்டு ரதத்தை நிறுத்தி, அங்கேயே ஞானஸ்நானம் பெற்றான். இந்த நிலையில் உங்களை அவசரப்படுத்துகிற ஊழியர் யாராவது இருந்தால், அவர் உங்களைவிடத் தம்முடைய எண்ணிக்கையைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறார்.

கேள்வி: குழந்தையாக இருந்தபோது எனக்கு ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். இப்போது போகிற சபையில் "அது செல்லாது, மறுபடி எடு" என்கிறார்கள். பழைய சபையில் "மறுபடி எடுத்தால் அது பாவம்" என்கிறார்கள். நடுவில் நான்.

உங்கள் நிலைமையில் முன்பு ஆட்கள் உயிரையே விட்டிருக்கிறார்கள். 1525 ஜனவரி 21 அன்று சூரிச் நகரில் ஒரு வீட்டில் சிலர் கூடி, குழந்தை ஞானஸ்நானம் வேதத்தில் இல்லை என்று ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். மறுஞானஸ்நானக்காரர்கள் என்று பேர் வந்தது. இரண்டு வருடத்துக்குள், 1527 ஜனவரி 5-ஆம் தேதி, அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸைக் கையைக் காலைக் கட்டி லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது நகராட்சி. தண்ணீர்தானே கேட்டாய், இந்தா தண்ணீர் என்பது போல. தண்டனை கொடுத்தவர்கள் சீர்திருத்தச் சபையார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு பக்க வாதமும் வலுவானதுதான். சிறைச்சாலைக்காரனின் வீட்டார் "அனைவரும்" என்கிறதே, அதில் குழந்தைகள் இருந்திருக்க மாட்டார்களா, பழைய உடன்படிக்கையின் அடையாளமான விருத்தசேதனம் குழந்தைக்கு எட்டாம் நாளில்தானே என்பது ஒரு பக்கம். "விசுவாசி" என்ற சொல் எப்போதும் முன்னால் வருகிறதே, கைக்குழந்தை எதை விசுவாசிக்கும் என்பது மறுபக்கம். எபேசுவில் யோவான் ஸ்நானனின் ஞானஸ்நானம் பெற்றிருந்த ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்குப் பவுல் காலத்தில் திரும்ப ஞானஸ்நானம் நடந்ததே (அப்போஸ்தலர் 19) என்று எங்கள் ஆட்கள் காட்டுவார்கள். அவர்கள் முன்பு பெற்றது கிறிஸ்துவின் நாமத்தில் அல்லவே என்று அந்தப் பக்கத்தார் பதில் சொல்வார்கள். அதுவும் நியாயமான பதில்தான். 1982-இல் லீமாவில் பல சபைகளின் பிரதிநிதிகள் கூடித் தயாரித்த அறிக்கை, ஞானஸ்நானம் திரும்பச் செய்யக்கூடாதது என்கிறது.

நானாக இருந்தால் எடுப்பேன், ஏனென்றால் அது என் விசுவாசத்தோடு சேர்ந்து நடக்க வேண்டியது என்று நம்புகிறேன். ஆனால் உங்கள் மனச்சாட்சி அப்படிச் சொல்லாமல், சபையார் முகத்துக்காக மட்டும் இறங்குவதாக இருந்தால் இறங்காதீர்கள். அப்புறம், எந்த முடிவு எடுத்தாலும், உங்களைக் கையில் ஏந்திப் போய் ஜெபித்த பெற்றோரை "நீங்கள் செய்தது வெறும் சடங்கு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: முழுக்கா, தெளிப்பா?

கிரேக்கச் சொல்லின் பொருள் அமிழ்த்துவது. ரோமர் 6-இன் அடக்கம் என்ற படத்துக்கும் முழுக்குத்தான் பொருந்தும். ஆனால் 1-ஆம் நூற்றாண்டின் கடைசி அல்லது அடுத்த நூற்றாண்டின் தொடக்கம் என்று சொல்லப்படுகிற "டிடாக்கே" என்ற பழைய சபைக் கையேடு, ஓடுகிற தண்ணீரில் கொடு, அது இல்லாவிட்டால் வேறு தண்ணீரில், குளிர்ந்த தண்ணீர் முடியாவிட்டால் வெந்நீரில், இரண்டும் இல்லாவிட்டால் தலையில் மூன்று தரம் ஊற்று என்கிறது. அத்தனை ஆரம்பத்திலேயே இவ்வளவு நெகிழ்வு இருந்திருக்கிறது. அதைப் படித்த பிறகு தண்ணீரின் ஆழத்தை அளந்து சண்டை போடுவதை நான் விட்டுவிட்டேன்.

கேள்வி: எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த போதகர் பின்னாளில் பெரிய பாவத்தில் விழுந்து ஊழியத்தை விட்டே போய்விட்டார். நானும் நடுவில் மிகவும் விழுந்துபோனேன். என் ஞானஸ்நானம் செல்லுமா?

செல்லும். வட ஆப்பிரிக்காவில் டொனாட்டிஸ்டுகள் என்ற பிரிவினர் இதே கேள்வியை வைத்துத்தான் சபையையே பிளந்தார்கள். உபத்திரவக் காலத்தில் துரோகம் செய்தவர்கள் கையால் நடந்தது செல்லாது என்றார்கள். கொடுக்கிறவர் கிறிஸ்து, ஊழியர் வெறும் கைதான் என்று அகுஸ்தீன் பதில் சொன்னார். உங்கள் போதகருக்காக ஜெபியுங்கள், சந்தேகத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் விழுந்ததற்கு வழி மனந்திரும்புதல், மறுபடி தண்ணீர் அல்ல. ஞானஸ்நானம் பெற்ற மாயவித்தைக்காரன் சீமோன் கெட்டுப்போனபோது, "மனந்திரும்பி வேண்டிக்கொள்" என்றுதான் பேதுரு சொன்னான். "நான் ஞானஸ்நானம் பெற்றவன்" என்று சோதனை நேரத்தில் சொல்லி நிற்கும்படி சீர்திருத்தவாதி லூத்தர் கற்றுக்கொடுத்தார். ராத்திரியில் குற்றவுணர்வு வந்து தொண்டையைப் பிடிக்கும்போது அதைச் சத்தமாகவே சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு எடுக்க ஆசைதான். ஆனால் இன்னும் தகுதி வரவில்லை. சிகரெட் பழக்கம் முழுசாக விடவில்லை. கொஞ்சம் சரியான பிறகு எடுக்கலாம் என்றிருக்கிறேன். தண்ணீர் என்றாலும் எனக்குப் பயம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

325-இல் பேராயர்களின் நிசேயா சங்கத்தையே கூட்டிய பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞானஸ்நானம் பெற்றது எப்போது தெரியுமா? 337-இல், சாகக் கிடந்தபோது. எடுத்த பிறகு பாவம் செய்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அந்தக் காலத்தில் பலரும் கடைசி வரை ஒத்திப்போட்டார்கள். தகுதிக்குக் காத்திருப்பதன் முடிவு இதுதான், தகுதி வராது, சாவு வந்துவிடும். மனந்திரும்புதல் வேண்டும், நிச்சயமாக. சிகரெட்டை விட வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறீர்களா, அதற்காகப் போராடுகிறீர்களா? அப்படியானால் பழக்கத்தை மறைக்காமல் போதகரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். தமஸ்குவில் மூன்று நாள் சாப்பிடாமல் குடிக்காமல் ஜெபித்துக்கொண்டிருந்த சவுலைப் (பின்னாளில் பவுல்) பார்த்தே அனனியா என்ற சீஷன், "இப்பொழுது நீ தாமதிக்கிறதென்ன?" என்றான். அதற்குமுன் ஆறு மாதம் நன்னடத்தை காட்டச் சொல்லவில்லை.

தண்ணீர்ப் பயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அது எனக்கும் இருந்தது. 19 வயதிலிருந்து நாலு வருடம் நானும் "தகுதி, தகுதி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், உள்ளுக்குள் பாதி பயம் தண்ணீருக்குத்தான். நீச்சல் தெரியாது. கடைசியில் போதகரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. என்னை முன்கூட்டியே தொட்டிக்கு அழைத்துப்போய், தண்ணீர் இடுப்பு வரைதான் இருக்கும் என்று காட்டினார். இரண்டு கையையும் மார்பின்மேல் மடித்து வைத்துக்கொள்ளச் சொன்னார். அன்றைக்கு அவர் கையில் ஒரு கைக்குட்டை இருந்தது, "பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே" என்று சொல்லிக்கொண்டே அதை என் மூக்கின்மேல் வைத்து மூடினார், இன்னொரு கை பிடரியில். முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் போதும், மற்றதை அவரே பார்த்துக்கொண்டார். உள்ளே இருந்தது இரண்டு விநாடி. காதுக்குள் ஒரு குமுகுமு சத்தம், அவ்வளவுதான், அப்புறம் வெளிச்சமும் பாட்டும்.

வெளிர்நிறச் சட்டை போடாதீர்கள், நனைந்தால் ஒட்டிக்கொள்ளும். மூக்குக்கண்ணாடி இருந்தால் முன்னாடியே யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். மாற்றுத்துணியும் துண்டும் எடுத்துப் போக மறக்காதீர்கள். நான் மறந்துபோய், போதகருடைய வேட்டியைக் கட்டிக்கொண்டு வீடு திரும்பினேன்.